மணல்மேட்டில் ஒரு யாழ்ப்பாண வேலி

டிரைவர் மாப்பிள்ளை என்றுதான் எனக்குப் பேசினார்கள். லொறி ஓட்டுகிறவர், குடிவெறி இல்லை, இத்தாலியில் இருக்கிறார் என்றார்கள். பலெர்மோவில் வந்து இறங்கிப் பார்த்தால் மனிதர் மாடிப்படி கழுவிக்கொண்டிருக்கிறார். லிபெர்த்தா வீதியில் ஐந்து கட்டடங்கள், ஒவ்வொன்றும் ஆறு மாடி, கையில் ஒரு வாளியும் தும்புத்தடியும். ஒரேத்தோ வீதியில் நாங்கள் இருந்த ஒற்றை அறையிலிருந்து வேலைக்குப் போக ஒரு சைக்கிள்கூட இல்லை, பஸ்தான்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. முதல் மாதமே கேட்டுவிட்டேன்.

"டிரைவர் எண்டு சொன்னவை. எந்த வாகனம் ஓட்டுறியள்? உந்த வாளியோ?"

அவர் சிரித்தார். அவரோடு சண்டை பிடிப்பது பெரிய கரைச்சல். நான் எவ்வளவு கத்தினாலும் மற்றப் பக்கத்திலிருந்து ஒன்றும் வராது. "ஊரிலை எட்டு வருஷம் லொறி ஓட்டினனான். இஞ்சை லைசென்ஸ் எடுக்கிறதெண்டால் இத்தாலியனிலை சோதினை எழுத வேணும். படத்திலை இருக்கிற அடையாளம் எல்லாம் எனக்குத் தெரியும். கேள்விதான் விளங்கேல்லை," என்றார். இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கோட்டை விட்டவர். மூன்றாம் தரம் போகவில்லை.

கொழும்பில் தம்பியோடு இருந்த அம்மாவுக்கு இதை எப்படி எழுதுவது? கழுத்தில் தாலி ஏறியாயிற்று, இனி மாப்பிள்ளை படி கழுவுகிறார் என்று எழுதி அந்த மனுசியின் நித்திரையைக் கெடுப்பானேன் என்று, "அவர் இங்கே ஒரு கம்பனி வாகனம் ஓட்டுகிறார்" என்று எழுதிவிட்டேன். அவருக்குத் தெரியாமல்தான். அடுத்த கடிதத்தில் அம்மா வாகனம் என்ன நிறம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே வாகனம் நான் வேலை செய்த வீட்டு ஜீப். அது பச்சை. பச்சை என்று எழுதினேன். பொய்யைத் தொடங்கினால் நிறமும் சொல்ல வேண்டித்தான் வருகிறது.

அந்தப் பச்சை ஜீப்பின் சொந்தக்காரர் ஒரு இஞ்சினியர். நான் லிபெர்த்தாவில் அவர் வீட்டில்தான் சமையலும் துப்பரவும் பார்த்தேன். பாலம் கட்டுகிற தொழில். ஆனால் அவருக்கு உயிர் மணலில் வாகனம் ஓட்டுவதுதான். அவரும் நாலு கூட்டாளிகளும் ஒவ்வொரு இலையுதிர் காலமும் துறைமுகத்தில் ஜீப்புகளைக் கப்பலில் ஏற்றி, துனிசில் இறக்கி, சகாராவுக்குள் போய் இரண்டு கிழமை புழுதி குடித்துவிட்டு வருவார்கள். அதற்குப் பழகுகிற இடம் தெற்குக் கரையில் இருந்த ஒரு மணல்மேட்டுக் காடு. வீட்டிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டம். "எங்கள் குட்டிச் சகாரா" என்று இஞ்சினியர் அதைச் சொல்லுவார். வருஷத்தில் இரண்டு கிழமை சகாரா, மற்ற ஞாயிற்றுக்கிழமை எல்லாம் குட்டிச் சகாரா.

அவருடைய மனைவி சிஞ்ஞோராவுக்கு மணல் என்றாலே விசர் பிடிக்கும். கட்டிலில் மணல், குளியலறையில் மணல், ரேடியோவுக்குள்ளும் மணல். ஒரு நாள் சொன்னார்: "நான் இனிப் போகமாட்டேன். நீ போய் இந்த ஆம்பிளைகளுக்குச் சமைத்துக் கொடு. உன் புருஷனையும் கூட்டிக்கொண்டு போ, பானை தூக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிழமையில் இருக்கிறது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆனால் இஞ்சினியர் வந்து, கபோச் சந்தையில் எந்த இறைச்சி வாங்க வேண்டும், என்ன தூள் போடுவாய் என்று ஆசையாகக் கேட்டார். சமையலைப் பற்றி ஒருவர் ஆசையாகக் கேட்டால் நான் இளகிப்போவேன். அதுதான் என் பலவீனம்.

அந்த மணல்மேடு வனக்காவலர்களின் பொறுப்பில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட அதிகாரியை எல்லாரும் மரெஷால்லோ என்று பதவிப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். கட்டை மனிதர், பெரிய மீசை, எப்போதும் சப்பாத்துக்குள் மணல். தலையில் சிவப்புப் பூசிய கட்டைகளை இரண்டு வரிசையாக நட்டு, அதற்கு நடுவில்தான் ஓட வேண்டும், ஒரு சில்லு வெளியே போகக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார். வாசலில் ஒரு சங்கிலி, அதற்கு ஒரு பூட்டு. அந்தத் திறப்பை இஞ்சினியர் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் திரிவார்.

முதல் ஞாயிறே இஞ்சினியரின் ஜீப் புதைந்துபோனது. அவர் கோபத்தில் அக்சிலேற்றரை அமத்த அமத்த, சில்லு சுற்றிச் சுற்றி அச்சு வரைக்கும் கீழே போய்விட்டது. நாலு பேர் தள்ளினார்கள், ஐந்து பேர் கத்தினார்கள். என்னுடைய மனிதர் பானையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கால் மற்றக் காலில் உரசிக்கொண்டிருந்தது. பேந்து நேரே போய் டயரில் இருந்து இன்னும் கொஞ்சக் காற்றைத் திறந்துவிட்டார், கையால் சில்லுக்கு முன்னாலும் பின்னாலும் மணலை வழித்தார், கதவைத் திறந்து, "இஞ்சினியரே, அனுமதி தாருங்கள்," என்று தனக்குத் தெரிந்த நாலு இத்தாலியச் சொல்லில் கேட்டார்.

ஏறி இருந்து, வந்த தடத்திலேயே பின்னுக்குக் கொஞ்சம், முன்னுக்குக் கொஞ்சம், பின்னுக்குக் கொஞ்சம். சத்தமே இல்லை. மூன்றாம் தரம் ஜீப் எழும்பி வெளியே வந்துவிட்டது. அப்படியே மேட்டின் முதுகில் ஏற்றி, அந்தப் பக்கம் இறக்கி, திரும்பவும் எங்களுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். கூட்டாளிகள் கை தட்டினார்கள்.

எனக்குக் கை தட்டக்கூட வரவில்லை. கட்டி இரண்டு வருஷம் ஆகிறது, இந்த மனிதர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்து நான் கண்டதில்லை. படிக்கட்டில் குனிந்து குனிந்து வளைந்துபோயிருந்த முதுகு அங்கே நேராக இருந்தது. கண் தூரத்தில் இருந்தது. வாயில் ஒரு சின்னச் சிரிப்பு. ஐயோ, இவரைத்தானே எனக்குப் பேசினார்கள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்குத்தான் எனக்கு அவரில் ஆசை வந்தது.

"எங்கை பழகினனீங்கள்?" என்று கேட்டேன்.

"வடமராட்சி கிழக்கிலை வேறை என்ன கிடக்கு? மீன் ஏத்தப் போனால் கடைசி நாலு மைலும் மணல்தான். மணலோடை கோவிக்கக் கூடாது. கோவிச்சால் விழுங்கிப்போடும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் அவருக்கு என்று ஆகிவிட்டது. அது வீதி இல்லை, சங்கிலி போட்ட இடம், லைசென்ஸ் கேட்க ஆள் இல்லை என்று இஞ்சினியர் சொன்னார். கூட்டாளிகள் முன் சீட்டில் மாறி மாறி ஏறி அவர் கையையும் காலையும் பார்த்துப் பழகினார்கள். துனிசுக்கும் வா என்று கேட்டார்கள்தான். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம், கடல் தாண்டினால் திரும்பி வர ஏலாமல் போகும். "எனக்கு இது காணும்," என்றார். வெள்ளிக்கிழமையே சேர்ட்டை மினுக்கி வைப்பார், மணலுக்குப் போக! நான் பகிடி பண்ணுவேன். ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்தை வைத்துத்தான் அவர் மிச்ச ஆறு நாளும் படி கழுவுகிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அதைத்தான் நான் என் கையாலேயே எரித்தேன்.

கார்த்திகை மாதம். ஆட்டிறைச்சிக் கறி இறக்கியாயிற்று, சோறு பாதி அவிந்துகொண்டிருக்கும்போது காஸ் முடிந்துபோனது. ஏழு பேருக்குச் சோறு. நான் விறகு தேடிக்கொண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் போனேன். அங்கே பார்த்தால், யாரோ மகராசன் காய்ந்த கொப்புகளை வரிசை வரிசையாக மணலில் குத்தி வைத்திருக்கிறான். நல்ல உலர்ச்சி. முறித்தால் படக்கென்று முறிகிறது. நடுநடுவே புல்லும் முளைத்திருந்தது. மழையில் நனையாமல் விறகை நிமிர்த்திக் காய வைத்திருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள், என்று நினைத்துக்கொண்டு இழுத்தேன். இரண்டு மூன்று தரம் போய் வந்தேன். சோறு பொங்கியது, மிச்ச நெருப்பில் அப்பளமும் பொரித்தேன்.

எல்லாரும் விரல் சூப்பிக்கொண்டிருந்த நேரம் மரெஷால்லோ வந்தார். இஞ்சினியர் ஒரு தட்டை நீட்டினார். மரெஷால்லோ தட்டை வாங்கவில்லை. அடுப்படியில் குந்தி, எரியாமல் கிடந்த ஒரு கொப்பைத் தூக்கிப் பார்த்தார். அதன் காலில் ஒரு கம்பிக் கட்டு இருந்தது.

"இது எங்கே கிடைத்தது?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் அகப்பையால் மேட்டைக் காட்டினேன். "அங்கே நிறைய இருக்கிறது, மரெஷால்லோ. நல்ல விறகு!" என்று பெருமையாக வேறு சொன்னேன்.

மனிதர் மணலிலேயே இருந்துவிட்டார். பிறகு மேட்டில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். நாற்பது அடி வேலி போய்விட்டது என்றார். வேலியோ! யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு வேலி தெரியாதா? முழங்கால் உயரம், ஓட்டை ஓட்டையாக, கை விட்டால் கை போகும், தலை விட்டால் தலை போகும். அதை எங்கள் ஊர் ஆட்டுக்குட்டிகூட வேலி என்று சொல்லாது.

ஆனால் அது வேலிதான். மணல் நடந்து நடந்து பின்னால் இருக்கிற முலாம்பழத் தோட்டங்களுக்குள் போகாமல் பிடித்து வைக்கிற வேலி. நடுவில் இருந்த புல்லும் தானாக முளைத்தது இல்லை, ஒவ்வொன்றாக நட்டது. அந்த வேலியை நம்பித்தான் வாகனம் ஓட அனுமதி கொடுத்ததாகச் சொன்னார். இஞ்சினியர், "பிழை எங்களுடையது," என்று தொடங்கினார். "இல்லை, நான்தான் புடுங்கினது," என்று நான் குறுக்கே சொன்னேன். யார் புடுங்கினால் என்ன? மரெஷால்லோ கையை நீட்டினார். இஞ்சினியர் கழுத்தில் கிடந்த திறப்பைக் கழற்றிக் கொடுத்தார். அன்றோடு வாசல் சங்கிலி எங்களுக்குப் பூட்டு.

என்னுடைய மனிதர் குந்தி இருந்து பானைகளை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் நானும் திருப்பி நாலு ஏசி மனம் ஆறியிருப்பேன். திரும்பி வரும்போதும் இல்லை, வீட்டிலும் இல்லை.

"கோவமோ?"

"இல்லையப்பா. நீர் படுத்து நித்திரை கொள்ளும்."

அடுத்த ஞாயிறு பின்னேரம், ஒரு அலுவல் இருக்கு, வாறன் என்று வெளிக்கிட்டார். அதற்கடுத்த ஞாயிறும் அதே அலுவல். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை, நானும் வாறன் என்று ஒட்டிக்கொண்டேன். ஒரு அலுவலும் இல்லை. பஸ்ஸில் ஏறி, டிரைவருக்கு நேரே பின்னால் உள்ள சீட்டில் இருந்து, கடைசித் தரிப்பு வரைக்கும் போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தார். அவ்வளவுதான். பஸ் நிற்கும்போதெல்லாம் அவருடைய வலது கால் தரையை அமத்தியது. தனக்கே தெரியாமல்.

கொழும்புக்குப் பச்சை வாகனம் என்று பொய் எழுதிய கை, உண்மையாகக் கிடைத்த பச்சை வாகனத்தைப் புடுங்கி அடுப்பில் வைத்துவிட்டது.

திங்கட்கிழமை இஞ்சினியரிடம், "என்னை மரெஷால்லோவிடம் கூட்டிக்கொண்டு போங்கள்," என்றேன். வடை சுட்டுக்கொண்டு போனேன். மரெஷால்லோ வடையைத் தொடவில்லை. வருஷத்தில் சில மாதம் மட்டும் வருகிற கூலிக்காரர்களின் தவணை முடிந்துவிட்டது, வேலியைத் திரும்பப் போட ஆள் இல்லை, தெற்குக் காற்று தொடங்கினால் மேடு இடம் பெயர்ந்துவிடும் என்றார்.

"நான் போட்டுத் தருகிறேன்," என்றேன்.

"நீயா?"

"நான்தான். என்னுடைய ஊரில் வருஷத்துக்கு ஒரு தரம் எல்லா வீட்டிலும் வேலி அடைப்பார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போட்டுத் தந்தால் சங்கிலியைக் கழற்றுவீர்களா?"

அவர் மீசைக்குள் சிரித்தார். மேட்டில் ஒரு சில்லும் ஏறக் கூடாது, எல்லாம் தோளில் சுமந்துதான் வர வேண்டும், சங்கிலி கதையை மாரி முடியக் கதைப்போம் என்றார். போகும்போது ஒரு வடையை எடுத்தார். அது எனக்குப் போதும்.

ஆள் சேர்த்தேன். பக்கத்து அறையில் மன்னார் அக்கா ஒருத்தி புருஷனோடு இருந்தா. சனிக்கிழமை பின்னேரப் பூசைக்குப் போய்விட்டு, ஞாயிறு எங்களோடு வர ஒத்துக்கொண்டா. இஞ்சினியரின் கூட்டாளிகளும் வந்தார்கள். ஒரேத்தோ ஆற்றங்கரையில் நாணல் வெட்டினோம். மாநகரசபைக்காரர் வீதியோர ஈந்து மரங்களை வெட்டிக் குவித்த ஓலைகளைக் கேட்டு வாங்கி ஜீப்புக் கூரையில் கட்டினோம். முள்ளுக் குத்தி எல்லாருடைய கையிலும் இரத்தம்.

"உது பனையும் இல்லை, தென்னையும் இல்லை. உதை வைச்சு என்னண்டு அடைக்கிறது?" என்றா மன்னார் அக்கா.

"அடைக்கலாம் அக்கா. நெருக்கிப் பிடியுங்கோ."

"பிள்ளை, நெருக்கம் எண்டால் என்னெண்டு மன்னாரிலை கேட்டுப் பார். நீ மற்றப் பக்கத்திலை நிண்டு ஓலை கட்டுற குத்தூசியை வாங்கு."

மன்னாரா யாழ்ப்பாணமா என்று வீம்பு ஏறிவிட்டது. மூன்று ஞாயிறு. நாணலை உள்ளே நிறுத்தி, ஓலையை இரண்டு மடிப்பாகப் போட்டு, மேலும் கீழும் வரிச்சுத் தடி பிடித்து, ஆள் உயரத்துக்கு அடைத்தோம். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கம் சூரியன் இருக்கிறதா என்று தெரியாது. ஊசி போகாது. மரெஷால்லோவுக்குக் காய்ச்சல், அந்தக் கிழமைகளில் வந்து பார்க்கவில்லை. வந்து பார்த்து மலைக்கட்டும் என்று நான் இடுப்பில் கை வைத்து நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வடிவான வேலியை நான் அடைத்ததில்லை.

இரண்டு நாள் காற்று அடித்தது. பலெர்மோவிலேயே யன்னல் எல்லாம் செம்மண் புழுதி. ஞாயிறு போய்ப் பார்த்தோம்.

வேலி நடுவில் மல்லாந்து கிடந்தது. விழாமல் நின்ற துண்டுகளுக்குக் கீழே காற்று தோண்டி, முழங்கால் ஆழத்தில் பள்ளம். மிச்சமிருந்த புல்லின் வேர் எல்லாம் வெளியே தெரிந்தது. மன்னார் அக்கா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றா. மரெஷால்லோ எங்களுக்கு முன்னமே வந்து ஒரு கட்டையில் இருந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எழும்பி வந்து, கிடந்த வேலியைக் கையால் தடவிப் பார்த்தார்.

"இவ்வளவு நல்ல வேலை நான் பார்த்ததில்லை," என்றார். "இது வீட்டுக்கு. காற்றுக்கு இல்லை. காற்றை மறித்தால் அது கோபித்துக்கொண்டு மேலே பாயும், கீழே தோண்டும். பாதியை மறிக்க வேண்டும், பாதியைப் போக விட வேண்டும். அப்போது அது களைத்து, கொண்டுவந்த மணலை இங்கே போட்டுவிட்டுப் போகும். ஓட்டை வையுங்கள். பாதிக்குப் பாதி."

நான் அதைத் தமிழில் சொன்னதும் எங்களுக்குள் பெரிய அமளி. எங்கள் பக்கத்தில் வேலியில் விழுகிற ஓட்டையைப் பொட்டு என்பார்கள். பொட்டு விழுந்தால் அடுத்த வீட்டு நாய் வரும், கோழி வரும், பிறகு அடுத்த வீட்டுக்காரியின் கண் வரும். என் அம்மா ஒரு பொட்டுக்காக அயல் மனுசியோடு ஒன்பது வருஷம் கதைக்காமல் இருந்தவர். அந்த அம்மாவின் மகள் வலியப் பொட்டு வைக்க வேண்டுமாம்.

"பொட்டு விட்டு வேலி அடைக்கிறதுக்கு நான் மன்னாரிலையிருந்து வரவேணுமோ?" என்றா அக்கா. ஆனால் முதலில் குனிந்து ஓலையை உருவத் தொடங்கியதும் அவதான்.

ஒரு கை நாணல், ஒரு கை வெளி. ஒரு கை நாணல், ஒரு கை வெளி. என் விரல் தன்பாட்டில் நெருக்கிக்கொண்டு போகும், மரெஷால்லோ பின்னால் வந்து விலக்கிவிடுவார். இடுப்புக்கு மேல் உயரமும் வேண்டாம் என்றார். அடைத்ததைவிடப் பிரிக்கத்தான் வலித்தது. பின்னேரம் நானும் என்னுடைய மனிதரும் மட்டும் ஒரு துண்டில் எதிரும் புதிருமாக இருந்து கட்டிக்கொண்டிருந்தோம். அந்தப் பொட்டுக்குள்ளால் அவர் முகம் தெரிந்தது. அப்போதுதான் கேட்க வாய் வந்தது.

"எல்லாம் என்னாலைதானே. ஏன் நீங்கள் என்னை ஒரு சொல்லும் ஏசேல்லை?"

அவர் கயிற்றை இழுத்து முடிந்தார். "ஏசலாமெண்டுதான் முதல் நினைச்சனான். பேந்து யோசிச்சன். நான் ஓட்டுறதைப் பார்க்கத்தானே நீர் ஒவ்வொரு ஞாயிறும் அவ்வளவு பேருக்கும் சமைச்சனீர்?"

"ஆர் சொன்னது? எனக்கு வேறை வேலை இல்லையோ?" என்றேன். கண்ணுக்குள் மணல் போய்விட்டது என்று சொல்லி முகத்தைத் துடைத்தேன்.

மாரி முழுக்க மூன்று தரம் காற்று அடித்தது. ஒவ்வொரு தரமும் அடுத்த ஞாயிறே ஓடிப் போய்ப் பார்ப்போம். வேலி நின்றது. அதன் காலடியில் மணல் மெத்தை மாதிரி ஏறிக்கொண்டு வந்தது. மாசி கடைசியில் பாதி வேலி மணலுக்குள், மேலே பச்சையாகப் புல். மரெஷால்லோ ஒரு தடியைக் குத்தி அளந்தார், தலையை ஆட்டினார், கொப்பியில் ஏதோ எழுதினார், மறுபடியும் அளந்தார். எனக்கு அந்தத் தடியைப் புடுங்கி அவர் தலையில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

கடைசியில் வாயைத் திறந்தார். பழைய பாதை இனி இல்லை. கடல் பக்கம் முழுக்க மூடல். வேலிக்கு உள்ளே, மேட்டின் முதுகுக்குப் பின்னால், ஒரு புதுப் பாதை. பழையதில் பாதிதான். ஒரு நேரத்தில் ஒரு வாகனம். காற்றுக் காலத்தில் ஒன்றும் இல்லை. சம்மதமா? கூட்டாளிகளில் ஒருவர் முணுமுணுத்தார். "சம்மதம், சம்மதம்!" என்று நான் அவருக்கும் சேர்த்துக் கத்தினேன்.

இஞ்சினியர் திறப்பை வாங்கி, கழுத்தில் போடவில்லை. சங்கிலியைத் திறந்துவிட்டு, ஜீப்பின் திறப்பை என்னுடைய மனிதரின் கையில் வைத்தார். முன் சீட்டில் ஏறப் போன கூட்டாளியை மரெஷால்லோ தோளில் பிடித்து நிறுத்தி, எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

"முதலில் வேலிக்காரி," என்றார்.

அந்த ஜீப்பில் பானைகளோடு பின்னால்தான் நான் எப்போதும் போனது. முன்னால் இருந்தேன். அவர் சீட்டை ஒரு விரற்கடை முன்னுக்கு இழுத்தார், கண்ணாடியைச் சரி பார்த்தார், என்னைப் பார்த்து, "பயமோ?" என்றார். "ஓட்டுங்கோ பார்ப்பம்," என்றேன். சத்தமில்லாமல் ஏறினோம். மேட்டு முதுகில் வானம் மட்டும் தெரிந்தது, பிறகு மூக்கைக் கீழே போட்டு இறங்கினோம். நான் கத்தினேன், அவர் சிரித்தார். வேலிக்குப் பக்கத்தால் வந்தபோது பொட்டுகளுக்குள்ளால் கடல் துண்டு துண்டாக ஓடியது. நிறுத்தியதும் இஞ்சினியர் ஒரு படம் எடுத்தார். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, நான் பக்கத்தில், பின்னால் வேலி.

அந்தப் படத்தைத்தான் அம்மாவுக்கு அனுப்பினேன். பார்க்கட்டும், பச்சை வாகனம்! இத்தனை வருஷத்தில் முதல் தரம் பொய்யில்லாத கடிதம் என்று நெஞ்சு நிமிர்ந்து முத்திரை ஒட்டினேன்.

சித்திரைக்குப் பிறகு பதில் வந்தது. நான் குசினியில் நின்றேன், அவர் பிரித்து உரக்க வாசித்தார்.

"படம் கிடைச்சது. மாப்பிள்ளை நல்ல வடிவாய் இருக்கிறார். நீதான் மெலிஞ்சு போனாய். பின்னாலை தெரியிற வேலி ஆரின்ரை? வேலி முழுக்கப் பொட்டு. என்ன சனமோ, வெக்கமில்லையோ? இஞ்சை கொழும்பிலை எனக்கு அடைக்க ஒரு வேலியும் இல்லை, அங்கை வேலி இருக்கிற சனம் இப்பிடி விட்டுவைச்சிருக்குது. மாப்பிள்ளையின்ரை கம்பனி வாகனம் இதுதானோ?"

பொட்டு வந்த இடத்தில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். கடைசி வரியில் இரண்டு பேரும் நின்றுவிட்டோம்.

"என்ன கம்பனி?" என்றார்.

இவ்வளவு வாய் இருந்தும் நான் அடுப்பில் கிடந்த கறியைத்தான் துழாவிக்கொண்டு நின்றேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து கடிதத்தாளை எடுத்தார், கதிரையை இழுத்துப் போட்டார், எழுதினார். என்னைக் கேட்கவில்லை. முடித்ததும் தாளை என்னிடம் நீட்டினார்.

"அன்புள்ள மாமிக்கு. நான் இங்கே மாடிப்படி கழுவுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் டிரைவர். அந்த வேலி உங்கள் மகள் அடைத்தது. பொட்டு விட்டதால்தான் அது நிற்கிறது."

நான் இரண்டு தரம் வாசித்தேன். "படி கழுவுறதை எழுதத்தான் வேணுமோ?" என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கடித உறையை எடுத்து விலாசத்தை நானே எழுதினேன்.